ஆஸ்பென் இசைவிழா: துணைக்கு வந்த பாட்டு தங்கிப்போன கதை (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கப் போறேன். பார்த்தா ஒண்ணு, பிரிச்சா ரெண்டு. முதல் பாதியில கொஞ்சம் கோபம் இருக்கு. ரெண்டாவது பாதி அருமையான கேள்வி. படிச்சிடறேன்.

"ஐயா, ஆஸ்திரியாவோட சால்ஸ்பர்க் இசைவிழா பத்திப் பேசினப்போ போற போக்குல ஆஸ்பென்னு ஒரு பேர் சொன்னீங்க. அது அமெரிக்காவுல பெரும் பணக்காரங்க பனிச்சறுக்கு விளையாடப் போற ஊராச்சே. கையில காசு இருந்தா யாரும் இசைவிழா நடத்தலாம், அதுல வரலாறு என்ன இருக்கு? இன்னொண்ணு, அவ்வளவு உயரத்துல காத்து மெலிசா இருக்குமே, வயலின், புல்லாங்குழல் எல்லாம் சுருதி மாறாதா?"

முதல் பாதிக்கு நேரா பதில் சொல்லிடறேன். பணக்காரங்க வந்த பிறகு விழா வரலை. விழா வந்தப்போ அந்த ஊர்ல காசும் இல்லை, ஆளும் இல்லை. 1890 ஜனத்தொகைக் கணக்குல ஆஸ்பென்ல 5,108 பேர். 1930 கணக்குல 705 பேர். எண்ணிக்கையைக் கவனிங்க. நாற்பது வருஷத்துல ஏழு பேர்ல ஆறு பேர் கிளம்பிப் போயிட்டாங்க.

ஏன்? வெள்ளி. கொலராடோ மாநிலத்துல, ராக்கி மலைத்தொடர்ல, 1879-ல வெள்ளி தேடி வந்தவங்க போட்ட முகாம்தான் ஆஸ்பென். பத்தே வருஷத்துல ஊர் ஆயிடுச்சு. 1889-ல வீலர் ஆபரா ஹவுஸ்னு மூணு மாடிக் கட்டடம், அதே வருஷம் ஜெரோம் ஹோட்டல். ரெண்டுக்கும் ஒரே ஆள் பேரு, ஜெரோம் வீலர். சுரங்கத்துல பணம் போட்டவர். அப்புறம் 1893-ல அமெரிக்க அரசாங்கம் வெள்ளி வாங்குற சட்டத்தை ரத்து பண்ணிச்சு. விலை விழுந்துச்சு, சுரங்கம் மூடிச்சு, ஊர் காலி. ஆபரா ஹவுஸ் 1912-ல தீப்பிடிச்சு, உள்ளே கரிஞ்சு, அப்படியே நின்னுது.

இப்படிக் காலியா கிடந்த ஊருக்கு 1945-ல ஒருத்தர் வர்றார். வால்டர் பேப்கே. சிகாகோக்காரர், அட்டைப்பெட்டி தயாரிக்கிற கன்டெய்னர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா கம்பெனியின் தலைவர். அவரைக் கூட்டிட்டு வந்தது அவர் மனைவி எலிசபெத். அந்தம்மா 1939-லயே ஊரைப் பார்த்துட்டுப் போயிருந்தாங்க. பேப்கே வந்தார், பார்த்தார், பாதி ஊரைக் கிட்டத்தட்ட வாடகைக்கு எடுத்துட்டார். ஹெர்பர்ட் பாயர்னு ஒரு வடிவமைப்பாளர், ஜெர்மனியில பௌஹௌஸ் பள்ளியில இருந்தவர், அவரையும் 1946-ல கொண்டுவந்து குடிவச்சார். ஊர்க்காரங்களுக்கு பேப்கே ஒரு சலுகை கொடுத்தார்: வீட்டுக்கு இலவசமா பெயின்ட் தர்றேன், நிறத்தை மட்டும் பாயர் தேர்ந்தெடுப்பார். ரொம்பப் பேரு வாங்கிக்கலை. இலவசமா கொடுத்தாலும் என் வீட்டு நிறத்தை நீ யாரு சொல்றதுன்னு கேட்டிருப்பாங்க. நியாயம்தானே!

1946-ல பனிச்சறுக்குக் கம்பெனி, 1947 ஜனவரியில நாற்காலி லிஃப்டுக்கு முறைப்படி திறப்பு விழா. இது குளிர்காலத்துக்கு. அப்போ கோடையில ஹோட்டல் அறையெல்லாம் என்ன பண்றது? சால்ஸ்பர்க் பேச்சுல சொன்ன அதே விஷயம்தான், திரும்பவும் சொல்றேன், சலிச்சுக்காதீங்க: மலை ஊர் இசைவிழா பாட்டுல ஆரம்பிக்கறதில்லை, காலி அறையில ஆரம்பிக்குது. ஸ்விட்சர்லாந்துல க்ஷ்டாட் இருக்கே, வயலின் மேதை மெனுயின் 1957-ல ஆரம்பிச்ச விழா, அங்கேயும் இதேதான். குளிர்காலத்துல கூட்டம் அள்ளும், ஆகஸ்டுல ஈ ஓட்டணும். சுற்றுலாத் துறை ஆள்தான் போய் மெனுயின்கிட்ட ரெண்டு கச்சேரி வாசிக்க முடியுமான்னு கேட்டார்.

ஆனா ஆஸ்பென்ல பாட்டு நேரா வரலை, ஒருத்தருக்குத் துணையா வந்துச்சு. அந்த ஒருத்தர் கதே. ஜெர்மன் கவிஞர், 1749-ல பிறந்தவர். 1949-ல அவருக்கு இருநூறாவது ஆண்டு. போர் முடிஞ்சு நாலு வருஷம்தான் ஆகுது. ஜெர்மன்னு சொன்னாலே ஹிட்லர் ஞாபகம் வர்ற நேரம். அந்த மொழியில வேற மாதிரி ஆளும் இருந்தார்னு காட்டறதுக்கு சிகாகோ பல்கலைக்கழக ஆட்கள் ஒரு மாநாடு நடத்த நினைச்சாங்க. வேந்தர் ராபர்ட் ஹட்சின்ஸ் அதுல முக்கியமானவர். பேப்கே, என் ஊர்ல வச்சுக்கோங்கன்னார். ஜூன் கடைசியில ஆரம்பிச்சு ஜூலை நடு வரைக்கும், மூணு வாரம்.

ஆல்பர்ட் ஷ்வைட்சர் ஆப்பிரிக்காவிலேர்ந்து வந்தார். அவர் வாழ்க்கையில அமெரிக்காவுக்குப் போனது அந்த ஒரே தடவைதான், அதுவும் இந்த ஊருக்காக. டாக்டர்னு எல்லாருக்கும் தெரியும். அவர் ஆர்கன் வாசிக்கிறவர், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பத்தி பெரிய புத்தகம் எழுதினவர்ங்கறது நம்ம ஆட்களுக்கு அவ்வளவா தெரியாது. அவர் ஜெர்மன்ல பேச, நாடக ஆசிரியர் தார்ன்டன் வைல்டர் பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொன்னார். ஸ்பெயினிலேர்ந்து தத்துவவாதி ஓர்ட்டேகா இ காஸெத் வந்தார். பேச்சுக்கு நடுவுல இளைப்பாறக் கச்சேரி வேணுமே? மினியாபோலிஸ் சிம்பொனி முழுசா வந்துச்சு, திமித்ரி மித்ரோபூலோஸ் நடத்தினார். இவர் தீராத மலையேற்றப் பைத்தியம், ஊர் அவருக்காகவே செஞ்ச மாதிரி. ரூபின்ஸ்டைன் பியானோ, மில்ஸ்டைன் வயலின், பியாட்டிகோர்ஸ்கி செல்லோ.

பேச்சு சாப்பாடு, பாட்டு ஊறுகாய். அதுதான் ஏற்பாடு. இப்போ யாராவது ஆஸ்பெனுக்குக் கதே மாநாட்டுக்குப் போறாங்களா? ஊறுகாய் தங்கிடுச்சு. நம்ம ஊர்லயும் இது நடந்திருக்கு. 1927 டிசம்பர்ல சென்னையில காங்கிரஸ் மாநாடு, அதோட ஒட்டி ஒரு இசை மாநாடு. அதுலேர்ந்துதான் அடுத்த வருஷம் மியூசிக் அகாடமி. பெரிய கூட்டத்துக்கு ஒட்டா வந்த சங்கதி, கூட்டம் கலைஞ்ச பிறகும் வேர்விட்டு நிக்கறது.

அது எப்படி நின்னுதுங்கறதுதான் வரலாறு. காசு இருந்தா யாரும் நடத்தலாம்னு நேயர் சொல்றாரே, ஒரு வருஷம் நடத்தலாம். நூறு பேர் ஆர்க்கெஸ்ட்ராவை ரயில் ஏத்தி, மலை ஏத்தி, மூணு வாரம் சோறு போட்டு, அறை கொடுத்து, சம்பளம் கொடுக்க 1949-ல பேப்கேயால முடிஞ்சுது. வருஷா வருஷம் முடியுமா? முடியாது. 1951-ல வழி கண்டுபிடிச்சாங்க: பள்ளிக்கூடம். கோடை விடுமுறையில பெரிய வித்வான்கள் மலைக்கு வருவாங்க, மாணவர்கள் அவங்ககிட்ட படிக்க வருவாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தா ஆர்க்கெஸ்ட்ரா.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கணும். ஆர்க்கெஸ்ட்ராவுல வயலின்காரங்க ரெண்டு ரெண்டு பேரா உட்காருவாங்க, ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்டாண்ட், ஒரே தாள். உள்பக்கம் உட்கார்ந்தவர் பக்கத்தைப் புரட்டணும், வெளிப்பக்கம் உட்கார்ந்தவர் நிறுத்தாம வாசிக்கணும். ஒவ்வொரு வாத்தியக் கூட்டத்துக்கும் தலைமை இடத்துல ஆசிரியர், மற்ற இடமெல்லாம் மாணவர். வகுப்புல சொல்லித்தர முடியாத ஒண்ணு இதுல வந்துடும்: வில்லை எந்த நொடி தூக்கணும், கண்டக்டர், அதாவது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துறவர், கை இறங்குறதுக்கும் சத்தம் வர்றதுக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்னு. குருகுலத்துல பின்னாடி உட்கார்ந்து தம்புரா போடற பையன் கத்துக்கற மாதிரி. கணக்குப் பிள்ளை பக்கம் பார்த்தாலும், மேடையில பாதிக்கு மேல சம்பளம் வாங்காத கைகள், சபைக்கோ டிக்கெட் வாங்குற அளவுக்குத் தரம். இந்தக் கணக்கு சரிப்பட்டதாலதான் எட்டு வாரம் ஓட்ட முடியுது. கொரோனாவுக்கு முன்னாடி ஒரு கோடைக்கு 600 மாணவர்களுக்கு மேல வந்தாங்க.

பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோ 1951-லேர்ந்து அங்க வந்து போனார். மூட்டுவாதத்தால சக்கர நாற்காலி, ஆனாலும் மலை ஏறி வந்து இசையமைப்புச் சொல்லிக்கொடுத்தார். 1960 கோடையில அவர்கிட்ட படிச்ச பையன்கள்ல ஒருத்தர் பிலிப் கிளாஸ். ஆமா, அதே பிலிப் கிளாஸ்தான், பின்னாடி பாரிஸ்ல ரவிசங்கரோட வேலை பார்த்தவர், காந்தி தென்னாப்பிரிக்காவுல இருந்த காலத்தை வச்சு சமஸ்கிருதத்துல ஆபரா எழுதினவர். அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போனா இன்னைக்கு முடியாது, விட்டுடறேன்.

1954-ல உடைஞ்சுது. பேப்கேயோட சிந்தனை எல்லாம் பேச்சு, தத்துவம், நிர்வாகிகளுக்கான கருத்தரங்குன்னு ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் பக்கம் போயிடுச்சு. இசைக்கு இனிமே என்னால பணம் போட முடியாதுன்னுட்டார். இசைக்காரங்க கூடித் தனிச் சங்கம் பதிவு பண்ணாங்க, மியூசிக் அசோசியேட்ஸ் ஆஃப் ஆஸ்பென்னு. கேள்வி கேட்ட நேயர் இந்த வருஷத்தைக் குறிச்சு வச்சுக்கணும். பணக்காரர் கையை எடுத்த வருஷம்தான் விழா சொந்தக்கால்ல நின்ன வருஷம். ஊர் விலை ஏறி, கோடீஸ்வரங்க வந்தது அதுக்கு ரொம்பப் பின்னாடி. இன்னைக்கு அந்த விலைவாசிதான் விழாவுக்குப் பெரிய தலைவலி, ஏன்னா மாணவர்களைத் தங்க வைக்க இடம் கிடைக்கறதில்லை. மரோல்ட்னு நகராட்சியோட குடியிருப்பு ஒண்ணு இருக்கு. கோடையில இசை மாணவர்கள், குளிர்காலத்துல பனிச்சறுக்குப் பருவ வேலைக்காரங்க. ஒரே கட்டில், கோடையில செல்லோப் பெட்டி, குளிர்காலத்துல பனி பூட்ஸ்.

சரி, என்கிட்ட யாரும் கேக்காத, ஆனா கேட்டிருக்க வேண்டிய விஷயத்துக்கு வர்றேன். விழா எங்கே நடக்குது? டென்ட் கொட்டாய்ல!

சிரிக்காதீங்க. 1949-ல எரோ சாரினன் போட்ட கொட்டாய் அது. செயின்ட் லூயிஸ் நகரத்து வளைவு, நியூயார்க் விமான நிலையத்துல டிடபிள்யூஏ விமானக் கம்பெனிக் கட்டடம் எல்லாம் வடிவமைச்சவர். புல்வெளியில கிண்ணம் மாதிரி பள்ளம் தோண்டி, அதுல பெஞ்ச் போட்டு, மேல கேன்வாஸ் கட்டி, கிட்டத்தட்ட 2,000 பேர் உட்கார வழி பண்ணார். 1960-களோட நடுவுல அதை எடுத்துட்டு ஹெர்பர்ட் பாயர் புதுசு போட்டார், அதான், பெயின்ட் நிறம் சொன்னவர். 2000-ல மூணாவது, ஹாரி டீக் வடிவமைச்சது, பெனடிக்ட் மியூசிக் டென்ட்னு பேரு, 2,050 இருக்கை. மூணும் ஒரே புல்வெளியில. பக்கத்துலயே 1993-ல ஹாரிஸ் ஹால்னு 500 பேர் உட்கார்ற நிஜ மண்டபம், பெரும்பகுதி நிலத்துக்குள்ள இறக்கிக் கட்டினது.

2000-ல கையில காசு இருக்கு, ஊர் பணக்கார ஊர் ஆயிடுச்சு. அப்போவும் செங்கல் சுவர் எழுப்பாம ஏன் திரும்பக் கொட்டாய்?  பதிலுக்கு முன்னாடி, கொட்டாய்ல என்ன கஷ்டம்னு பார்த்துடலாம்.

கேன்வாஸுக்கு எதிரி மூணு. முதல் எதிரி மழை. ராக்கி மலையில ஜூலை, ஆகஸ்ட் பிற்பகல்ல இடிமழை சகஜம். ஞாயித்துக்கிழமைப் பெரிய கச்சேரி சாயங்காலம் 4 மணி. சரியா மழை நேரம்! இழுத்துக் கட்டின துணின்னா என்ன, மத்தளத்தோட தோல்தான். ஒவ்வொரு துளியும் ஒரு தட்டு. மெதுவான பகுதி வாசிக்கும்போது பெரு மழை பிடிச்சா நிறுத்திட்டு உட்கார வேண்டியதுதான். ரெண்டாவது எதிரி பனி. குளிர்காலப் பனிப் பாரம் கேன்வாஸ் தாங்காது, அதனால பருவம் முடிஞ்சா இறக்கணும், மடிக்கணும், அடுத்த வருஷம் ஏத்தணும். ஈரத்தோட மடிச்சா பூசணம், வெயில்ல விட்டா நூல் இத்துப்போகும். மூணாவதுதான் நம்ம விஷயம், எடை. சத்தத்தைத் தடுக்கறதும் திருப்பி அனுப்பறதும் எடைதான். 15 சென்டிமீட்டர் கான்கிரீட் சுவர் சதுர மீட்டருக்கு 350 கிலோ இருக்கும். கொட்டாய்த் துணி ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. கீச்சுக் குரல், அதாவது உயர்ந்த ஸ்வரங்கள், துணியில பட்டுக் கொஞ்சம் திரும்பி வரும். கனமான கீழ் ஸ்வரங்கள், டபுள் பேஸ், டிம்பனி, இதுக்கெல்லாம் துணி இருக்கறதே தெரியாது. நேரா வெளியே போயிடும். அதனாலதான் எந்தக் கொட்டாய்லயும் பேஸ் மெலிஞ்சு கேக்குது. ஒலிபெருக்கி வச்சா ஈடுகட்டலாம்; சிம்பொனிக்கு வைக்க மனசு வராது.

மூணாவது கொட்டாய்ல துணிக்குப் பதிலா டெஃப்லான் பூசின கண்ணாடி இழை. டென்வர் விமான நிலையத்துக் கூரையில வெள்ளை வெள்ளையா கூம்பு தெரியுமே, அதே சரக்கு. விறைப்பானது, பனி வழுக்கி விழும், வருஷம் பூரா நிக்கும், கேன்வாஸை விட நல்லா சத்தத்தைத் திருப்பும். பக்கவாட்டுல திறந்து மூடற மாதிரி பலகை அடுக்கு, ஜன்னல் லூவர் மாதிரி. அதைத் திறந்தா சத்தம் வெளியே புல்வெளிக்குப் போகும். புல்வெளியில டிக்கெட் கிடையாது. ஜமக்காளம் விரிச்சு, சாப்பாட்டுக் கூடையோட உட்கார்ந்து யார் வேணும்னாலும் கேக்கலாம். செங்கல் சுவர் வச்சிருந்தா அந்தப் புல்வெளி இல்லை. பணக்காரங்க ஊருன்னு கோபப்பட்ட நேயருக்கு இது தெரியணும்.

1964-ல ஆஸ்பென் இன்ஸ்டிட்யூட் முதல் தடவையா ஒரு விருது கொடுத்துச்சு, 30,000 டாலர். வாங்கினவர் இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன். ஏற்புரையில அவர் சொன்னதோட சாரம்: நான் ஒரு இடத்துக்காக, அந்த இடத்துல இருக்கற மனுஷங்களுக்காகத்தான் எழுதறேன், இசைக்குப் பெரிய விரோதி ஒலிபெருக்கி. அந்த ஊர்ல நின்னு சொன்னார் பாருங்க, சுவரே இல்லாத கூரைக்கு அடியில, வெறும் கையால வாசிக்கற விழாவுல.

இப்போ ரெண்டாவது பாதி. காத்து மெலிசா இருந்தா சுருதி மாறாதா? ஆஸ்பென் 2,400 மீட்டர். ஊட்டியை விட ஒரு படி மேல, தொட்டபெட்டா உச்சியை விடக் கீழ. காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்குதான்.

ஆனா சுருதி அழுத்தத்தால மாறாது. நிறையப் பேர் தடுக்கி விழற இடம் இது. காத்துல சத்தம் போற வேகம் வெப்பத்தைப் பொறுத்தது, அழுத்தத்தைப் பொறுத்தது இல்லை. 20 டிகிரியில நொடிக்கு 343 மீட்டர், மெரினாவுல இருந்தாலும் மலையில இருந்தாலும். அழுத்தம் குறையும்போது அடர்த்தியும் அதே அளவு குறையுது, ரெண்டும் அடிபட்டுப் போகுது. புல்லாங்குழல் சுருதியை மாத்தறது குளிர்.

கணக்கு இது. ஹார்மோனியத்துல ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவுல நூறு பங்குன்னு வச்சுக்கோங்க. குழலுக்குள்ள இருக்கற காத்து ஒரு டிகிரி குளிர்ந்தா சுருதி 3 பங்கு இறங்கும். ஆஸ்பென்ல ஜூலை பகல் 26 டிகிரி, ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போகும். சாயங்காலக் கச்சேரியில பத்து டிகிரி இறங்கினா 30 பங்கு, அதாவது கிட்டத்தட்ட மூணுல ஒரு கட்டை இறக்கம். வாசிக்கறவர் மூச்சுச் சூடு கொஞ்சம் மீட்டுக் கொடுக்கும். ஆனா சும்மா உட்கார்ந்து ஐம்பது தாளம் எண்ணிட்டு எடுத்து ஊதினா முதல் ஸ்வரம் இறங்கித்தான் வரும். அதனால அனுபவசாலிங்க சும்மா இருக்கும்போதும் சத்தம் வராம வாத்தியத்துக்குள்ள மூச்சு விட்டுச் சூடாவே வச்சிருப்பாங்க. கூத்து என்னன்னா, அதே குளிர்ல வயலினோட எஃகுத் தந்தி சுருங்கும், இழுவை கூடும், சுருதி ஏறும். குழல் இறங்குது, தந்தி ஏறுது. ஒரே மேடையில ரெண்டு பக்கமும் எதிரெதிரா நகருது. ஓபோங்கற ஊதுவாத்தியம் ஸ்வரம் கொடுத்துச் சுருதி சேர்த்தா அரை மணி நேரம்தான் தாங்கும், இடையில திரும்பச் சேர்க்கணும்.

மெலிசுக் காத்து வேற ரெண்டு இடத்துல தொல்லை பண்ணும். ஒண்ணு, மனுஷன். மூச்சுக்கு முக்கால் பங்கு ஆக்ஸிஜன்தான். கீழேர்ந்து வந்த ஊதுவாத்தியக்காரருக்கு ஒரே மூச்சுல முடிக்கற வரி ரெண்டு மூச்சாகும். சில நாள் பழகணும், தண்ணி நிறையக் குடிக்கணும், வந்திறங்கின அன்னைக்கே கச்சேரி வச்சுக்கக் கூடாது. இன்னொண்ணு, சீவாளி. நம்ம நாயன சீவாளி மாதிரி ஓபோவுக்கும் நாணல்லதான் ரீட். கடல் மட்டத்துல சரியா பேசின ரீட், மேல வந்தா கனத்து, அடைச்ச மாதிரி பேசும். இன்னும் கொஞ்சம் சீவி மெலிசாக்கணும். அதையே திரும்பக் கீழ கொண்டுபோனா கீச்சுக் கீச்சுன்னு கத்தும். அதனால மலைக்குன்னு தனி ரீட் பெட்டி.

எல்லாத்தையும் விடப் பெரிய வில்லன் வறட்சி. பிற்பகல்ல காத்தோட ஈரப்பதம் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கற நாள் உண்டு. வயலினோட மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், கீழ்ப்பக்க அகலம் சுமார் 208 மில்லிமீட்டர். 50 சதவீத ஈரத்துல இருந்த வயலின் 25 சதவீதத்துல முழுசா காய்ஞ்சா, அந்த அகலம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். நார் போற திசையில, நீளவாக்குல, அனேகமா சுருங்காது. குறுக்கே மட்டும். ஆனா பக்கப் பலகை விடாது, பிடிச்சு நிக்கும். இப்போ எங்காவது விட்டுக்கொடுத்தாகணும். நல்ல வயலின் செய்யறவர் மேல்பலகையை விலங்குப் பசையால, அதுவும் தண்ணி கலந்து வேணும்னே பலவீனமா ஒட்டியிருப்பார். வறண்டா பலகை பிளக்காம, ஓரத்து ஒட்டு விடும். ஓரத்தை விரல் மடக்கித் தட்டிப் பாருங்க. டக் டக்னு கேட்டா சரி, ஒரு இடத்துல மட்டும் சலசலன்னு ஓட்டையா கேட்டா அங்க ஒட்டு விட்டிருக்கு. அதுக்குப் பயப்படக் கூடாது, ஒட்டு விட்டது மரத்தைக் காப்பாத்தத்தான். ரிப்பேர்காரர் பழைய பசையைச் சுத்தம் பண்ணி, சூடான பசை விட்டு, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி வச்சா மறுநாள் வாசிக்கலாம். ஃபெவிகால் மாதிரி கடைப் பசையை ஊத்தினீங்கன்னா அடுத்த தடவை ஒட்டு விடாது, பலகை பிளக்கும்.

தடுக்கறதுக்கு: பெட்டிக்குள்ள ஈரமானி, 40-லேர்ந்து 60-க்குள்ள நிக்கணும். ரப்பர் குழாய்க்குள்ள ஸ்பாஞ்ச் வச்ச ஈரக்குழாய் விக்குது. தண்ணியில முக்கி, நல்லாப் பிழிஞ்சு, மேலே துணியால துடைச்சு, வயலினோட எஃப் வடிவ ஓட்டைக்குள்ள விடணும். அந்தத் துடைக்கறதைத்தான் எல்லாரும் மறப்பாங்க. சொட்டு உள்ள விழுந்தா பசை ஊறிப் போகும். பிரடையும், அதாவது தந்தியை முறுக்கற சாவி, வறட்சியில சுருங்கி வழுக்கும், திருப்பும்போதே உள்பக்கமா அழுத்தித் திருப்பணும். விமானத்துல ஏத்தறதுக்கு முன்னாடி நாலு தந்தியையும் மொத்தமாத் தளர்த்தறவங்க இருக்காங்க, அதைச் செய்யவே கூடாது. குதிரை சாயும், உள்ள நிக்கற சவுண்ட் போஸ்ட் குச்சி விழும், அதை நிறுத்தத் தனிக் கருவியும் தேர்ந்த கையும் வேணும்.

கடைசியா ஒண்ணு, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. வறண்ட காத்து வாத்தியத்தை மட்டும் இல்லை, சத்தத்தையும் திங்கும். 15 டிகிரியில, 4,000 ஹெர்ட்ஸ் சத்தம் 100 மீட்டர் போறதுக்குள்ள, காத்து உறிஞ்சறது மட்டும், 50 சதவீத ஈரத்துல 3.6 டெசிபெல் (சத்தத்தை அளக்கற அலகு) குறையும். 20 சதவீத ஈரத்துல கிட்டத்தட்ட 9. இது கடல் மட்டத்து அழுத்தத்துக்குப் போட்ட கணக்கு, மலையில கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். ஈரக் காத்துதான் சத்தத்தை அமுக்கும்னு நாம நினைக்கறதுக்கு நேர் எதிர். வயலினோட பளபளப்பும், சிம்பலோட சிலிர்ப்பும், பாடறவங்க சொல்ற ச, ஸ எல்லாமும் அந்த இடத்துலதான் இருக்கு. அதனால இலவசப் புல்வெளியில உட்காரப் போறீங்கன்னா, மழை பெஞ்சு ஓஞ்ச நாள்ல தூரமா உட்காரலாம். வெயில் காய்ஞ்ச நாள்ல லூவர் பக்கமா நகர்ந்து உட்காருங்க. எதுக்கும் ஒரு ஸ்வெட்டரும் குடையும் எடுத்துட்டுப் போங்க.

பியானோவும் இதே வறட்சியில என்ன ஆகும்னு யாரோ கீழ எழுதியிருந்தாங்க. சுருக்கமா: உள்ள இருக்கற ஒலிப்பலகை காய்ஞ்சு தட்டையாகும், தந்தி இழுவை குறையும், நடு ஸ்தாயி முதல்ல இறங்கும். அதனால கச்சேரி நடக்கப் போற இடத்துல சில மணி நேரம் முன்னாடியே பியானோவை நிறுத்தி, அந்தக் காத்துக்குப் பழகவிட்டுத்தான் ட்யூன் பண்ணணும். மீதியை அடுத்த வாரம் படம் போட்டுக் காட்டறேன்.